மிட்டல்பெர்க்ஹைமில் ஒரு பகலுக்கு இரண்டு வீடுகள் போதும்

பிரான்சின் கிழக்கே உள்ள அல்சாஸ் பகுதிக்கு ஒயினைத் தேடி வருகிறவர்களில் பலர் ரிக்விருக்கும் எகிஷைமுக்கும் போய், படம் எடுத்து, கடையில் ஒரு புட்டி வாங்கித் திரும்பிவிடுகிறார்கள். அவை அழகான ஊர்கள்தான். ஆனால் ஒயின் செய்கிறவரோடு உட்கார்ந்து பேச ஆசை இருந்தால் மிட்டல்பெர்க்ஹைமுக்கு வாருங்கள். ஸ்ட்ராஸ்பூரிலிருந்து ரயிலில் பார் என்னும் சிற்றூரில் இறங்கி, கொடிகளுக்கு நடுவே நடந்தால் அரை மணி நேரம். கார் வேண்டாம். பிரான்சில் ஒரு லிட்டர் ரத்தத்தில் 0.5 கிராம் ஆல்கஹால் இருந்தாலே வண்டி ஓட்டுவது குற்றம்.

ஒயின் செய்கிற வீட்டுக்கு முன்கூட்டியே போன் செய்யுங்கள். வாசலில் பலகை தொங்கினாலும் கதவைத் திறக்கப்போகிறவர் தோட்டத்திலிருந்து கைகழுவிக்கொண்டு வருகிற வீட்டுக்காரர். பகல் 12 முதல் 2 வரை அவர்களுடைய சாப்பாட்டு நேரம். ஞாயிறன்று பலர் திறப்பதில்லை. முதல் தடவை நான் சொல்லாமல் கொள்ளாமல் செப்டம்பர் அறுவடையில் போய் நின்றேன். மூன்று வீடுகளிலும் மரியாதையாகவே பேசினார்கள், ஆனால் நிற்க யாருக்கும் நேரமில்லை. பழுத்த திராட்சை யாருக்காகவும் காத்திருக்காது. இப்போதெல்லாம் மே மாதத்தில் போகிறேன்.

உட்கார்ந்ததும் சில்வானரைக் கேளுங்கள். மற்ற இடங்களில் அதைச் சாதாரணத் திராட்சை என்று ஒதுக்குவார்கள். அல்சாஸில் 51 சரிவுகளுக்கு 'கிராண்ட் க்ரூ' என்ற உயர்தகுதி உண்டு. நெடுங்காலம் அது ரீஸ்லிங், கெவுர்ஸ்ட்ராமினர், பினோ கிரி, மஸ்கட் ஆகிய நான்கு திராட்சை வகைகளுக்கே உரியதாக இருந்தது. இந்த ஊரின் சோட்சன்பெர்க் சரிவில் விளையும் சில்வானருக்கு 2005இல் விதிவிலக்குக் கிடைத்தது. சாதாரண சில்வானரையும் சோட்சன்பெர்க் சில்வானரையும் அடுத்தடுத்து ஊற்றச் சொல்லிக் குடித்துப் பாருங்கள். மண் என்ன செய்யும் என்பதை எனக்கு எந்த விளக்கமும் இவ்வளவு தெளிவாகக் காட்டியதில்லை.

இனிப்பில்லாதவை முதலில், தாமதமாக அறுத்த பழத்தின் இனிப்பு ஒயின் கடைசியில். சுவைத்ததை மேசைமேல் இருக்கும் பாத்திரத்தில் துப்புங்கள். அவர்களும் அப்படித்தான் செய்கிறார்கள். விலையைப் பிறகு கேட்கலாம். முதலில் போன வருட மழையைப் பற்றிக் கேளுங்கள். பேச்சு நிற்காது. நிலவறையில் இருக்கும் பெரிய பழைய ஓக் பீப்பாய்களைக் காட்டவும் கூப்பிடுவார்கள். அதனால்தான் இரண்டு வீடுகளுக்கு மேல் போக வேண்டாம் என்கிறேன்.

ஒரு மணி நேரத்தை உங்களுக்காக ஒதுக்கியவரிடம் இரண்டு புட்டியாவது வாங்குங்கள். அல்சாஸ் புட்டி ஒல்லியாக, உயரமாக இருக்கும். அதைச் சுற்றி வைக்க ஒரு துண்டு கொண்டுபோங்கள்.