ஏரிக்கரை கேபின் புக் பண்றதுக்கு முன்னாடி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏரிக்கரையில சின்னதா ஒரு கேபின் எடுத்து ரெண்டு நாள் இருந்துட்டு வரலாம்னு முடிவு பண்ணினதும் எல்லாரும் முதல்ல பாக்கறது போட்டோவைத்தான். பெரும்பாலும் அது கோடையில, வெயில் சாயற நேரத்துல எடுத்ததா இருக்கும், தண்ணி அசையாம கிடக்கும், படகுத்துறையில ரெண்டு நாற்காலி போட்டிருப்பாங்க. ஆனா நீங்க போறது வேற மாசம். வருஷம் பூரா வாடகைக்கு உண்டுன்னு போட்டிருக்கறதைப் பாத்துட்டு வருஷம் பூரா அதே ஏரிதான் இருக்கும்னு நினைச்சுடறோம், நான் பாத்த வரைக்கும் மிச்ச தப்பெல்லாம் இங்க இருந்துதான் கிளம்புது. அணை கட்டின சில ஏரிகள்ல சீசன் முடிஞ்சதும் தண்ணி மட்டத்தை இறக்கிடுவாங்க, அப்போ படகுத்துறைக்குக் கீழ வெறும் சேறுதான். அதனால ஓனர்கிட்ட "நாங்க வர்ற மாசத்துல எடுத்த போட்டோ இருந்தா அனுப்புங்க"ன்னு கூச்சப்படாம கேளுங்க.

விளம்பரத்துல இருக்கற வார்த்தையையும் நிறுத்தி படிங்க. ஏரிக்கரைன்னா வாசல்ல தண்ணி. ஏரி தெரியும்னா மரத்துக்கு நடுவுல கொஞ்சம் தெரியும். ஏரிக்கு வழி உண்டுன்னா ரோட்டைத் தாண்டி நடக்கணும், அந்த வழியும் பத்து வீட்டுக்குப் பொதுவா இருக்கலாம். 6 பேர் தங்கலாம்னு போட்டிருந்தா கட்டில் எத்தனைன்னு கேளுங்க, ரெண்டு பேருக்கு சோபா, ரெண்டு பேருக்கு ஏணி ஏறிப் போற பரண்னு இருந்தா வயசான அம்மா அப்பாவைக் கூட்டிட்டுப் போறவங்களுக்கு அது ஒத்தே வராது.

இப்ப தண்ணி விஷயத்துக்கு வர்றேன், இதுலதான் உயிர் இருக்கு. குளிர்காலம் முடிஞ்சு வெயில் அடிக்க ஆரம்பிச்சதும் நமக்கு சட்டையைக் கழட்டிட்டுக் குதிக்கணும் போல இருக்கும், ஆனா காத்து சூடாகற வேகத்துல ஏரி சூடாகாது, வெளிய 25 டிகிரி இருக்கற அன்னிக்கு தண்ணி வெறும் 10 டிகிரியா இருக்கலாம். அந்தத் தண்ணியில திடீர்னு விழுந்தா முதல்ல நம்மளை அறியாம மூச்சை இழுத்துடுவோம், அந்த நேரத்துல தலை தண்ணிக்குள்ள இருந்தா முடிஞ்சுது. ரொம்ப குளிர்ந்த தண்ணிக்கு 1-10-1ன்னு ஒரு கணக்கு சொல்லுவாங்க: மூச்சு கட்டுக்குள்ள வர 1 நிமிஷம், கை கால் சொன்னபடி கேக்கறது சுமார் 10 நிமிஷம், உடம்பு சூடு இறங்கி நினைவு தப்ப சுமார் 1 மணி நேரம். அதாவது குளிர்ல விறைச்சுப் போறதுக்கு ரொம்ப முன்னாடியே நீந்த முடியாமப் போயிடும், நல்லா நீச்சல் தெரிஞ்சவங்களுக்கும் இதேதான். லைஃப் ஜாக்கெட் படகுல கிடந்தா போதாது, போட்டிருக்கணும், விழுந்தப்புறம் அந்த விரலை வச்சு பக்கிளை மாட்ட முடியாது. குழந்தைங்க சைஸ்ல ஜாக்கெட் இருக்கான்னு புக் பண்ணும்போதே கேட்டு வச்சுக்கங்க.

காத்து அடைச்ச மெத்தை, வாத்து மாதிரி மிதக்கறது, இதையெல்லாம் பத்தி ஒண்ணு சொல்லணும். ஒரு தடவை என் அக்கா பையன் கரையோரமா மெத்தையில படுத்திருந்தான், தண்ணி கண்ணாடி மாதிரி இருந்துது, அலையே இல்ல, நாங்க திண்ணையில உக்காந்து பேசிட்டிருந்தோம். திரும்பிப் பாத்தா அவன் ஐம்பது அடி தள்ளிப் போயிட்டான், கையால துழாவறான், மெத்தை திரும்பவே மாட்டேங்குது. மாமா துடுப்புப் படகை எடுத்துட்டுப் போய் இழுத்துட்டு வர்றதுக்குள்ள எங்களுக்கு உயிர் போய் வந்துது. காத்து கரையில இருந்து ஏரிப் பக்கமா அடிக்கறப்பதான் கரையோரம் தண்ணி அமைதியாத் தெரியும், மரமும் வீடும் காத்தை மறைச்சுடும், கொஞ்சம் தள்ளிப் போனதும் முழுக் காத்தும் பிடிச்சுக்கும். அதனால தண்ணியைப் பாக்காதீங்க, மர உச்சியைப் பாருங்க, இலை எந்தப் பக்கம் சாயுதுன்னு.

படகுத்துறையில இருந்து தலைகீழா டைவ் அடிக்கறது கூடவே கூடாது. ஆழம் தெரியாம காலை விடாதேன்னு சொல்லி வச்சிருக்காங்க, தலையை விடலாமா? போன தடவை ஆழமா இருந்த இடம் இந்தத் தடவை இடுப்பளவா இருக்கும், கழுத்தெலும்பு முறிஞ்சா வாழ்நாள் பூரா படுக்கைதான்.

கோடை கடைசியில தண்ணி மேல பச்சை பெயின்ட் கொட்டின மாதிரி ஏடு படிஞ்சிருந்தா அன்னிக்கு யாரும் இறங்க வேண்டாம். அது நீலப்பச்சைப் பாசியா இருக்கலாம், சில வகைல விஷம் உண்டு, குடிச்ச நாய் சில மணி நேரத்துல செத்துப் போயிருக்கு. கொதிக்க வச்சாலும் அந்த விஷம் போகாது.

பனி பெய்யற ஊர்ல ஏரி உறைஞ்சிருக்கும்போது ஐஸ் மேல நடக்கணும்னு ஆசை வரும். ஒரு ஆள் நடக்க தெளிவான கெட்டி ஐஸ் குறைஞ்சது 10 சென்டிமீட்டர் வேணும்னு சொல்லுவாங்க, வெள்ளையா பனி கலந்து உறைஞ்சிருந்தா பலம் பாதிதான், அப்போ ரெண்டு மடங்கு தடிமன் வேணும். ஓடை வந்து சேர்ற இடம், தண்ணி வெளியேறற இடம், படகுத்துறைத் தூண் பக்கம் எல்லாம் மெலிசா இருக்கும். நேத்து ஒருத்தர் நடந்தாருன்னு இன்னிக்கு நீங்க நடக்காதீங்க, உள்ளூர்க்காரங்ககிட்ட கேட்டுட்டு, போகப் போக துளை போட்டு அளந்து பாத்துதான் போகணும்.

கேபினுக்குள்ளயும் ஆபத்து உண்டு. விறகு அடுப்பு, கேஸ் ஹீட்டர், ஜெனரேட்டர் எதுல இருந்தும் கார்பன் மோனாக்சைடுங்கற விஷ வாயு வரலாம், வாசனையும் கிடையாது நிறமும் கிடையாது. தலைவலி, குமட்டல் எல்லாருக்கும் ஒரே நேரத்துல வந்தா சாப்பாடு ஒத்துக்கலன்னு படுத்துடாதீங்க, உடனே வெளிய வந்துட்டு உதவிக்கு கூப்பிடுங்க. அலாரம் இருக்கான்னு போனதும் பட்டனை அழுத்திப் பாருங்க, நான் பையில எப்பவும் பேட்டரில ஓடறது ஒண்ணு எடுத்துட்டுப் போவேன். ஜெனரேட்டரை ஜன்னல்ல இருந்து குறைஞ்சது 6 மீட்டர் தள்ளி வைக்கணும், குளிருதேன்னு கரி அடுப்பை உள்ள கொண்டு வரவே கூடாது. அடுப்பு சாம்பலை அட்டைப்பெட்டியில கொட்டி திண்ணையில வைக்கறவங்களைப் பாத்திருக்கேன், வயித்தைக் கலக்கும். மேல சாம்பல் ஆறினாலும் உள்ள கங்கு நாள் கணக்கா உயிரோட இருக்கும். இரும்பு வாளி, மூடி, வீட்டை விட்டு தள்ளி.

விறகை ஊர்ல இருந்து தூக்கிட்டுப் போகாதீங்க, அதுல இருக்கற பூச்சி அங்க இருக்கற மரங்களை அழிச்சுடும், பக்கத்துலயே வாங்கிக்கங்க. கழிவறையில டாய்லெட் பேப்பர் தவிர எதையும் போடாதீங்க, செப்டிக் டேங்க் அடைச்சா அந்த வாரம் நாசம். மேப்பை முன்னாடியே டவுன்லோட் பண்ணிக்கங்க, கடைசி சில கிலோமீட்டர்ல சிக்னல் இருக்காது, இருட்டறதுக்குள்ள போய்ச் சேந்துடுங்க. ராத்திரி தண்ணி மேல சத்தம் ரொம்ப தூரம் போகும், நீங்க திண்ணையில பேசறது எதிர்க்கரைல கேக்கும்.

குளிர்காலத்துல கிளம்பறப்போ கரன்ட் மிச்சம்னு ஹீட்டரை அணைச்சுட்டு வந்துடாதீங்க. குழாய்ல நிக்கற தண்ணி உறைஞ்சு விரிஞ்சு பைப்பை வெடிக்க வச்சுடும், அடுத்த ஆள் வர்ற வரைக்கும் வீடு பூரா தண்ணி ஓடும். எத்தனை டிகிரில விடணும், மெயின் வால்வு எங்க இருக்குன்னு சாவி வாங்கறப்பவே ஓனர்கிட்ட கேட்டு போன்ல குறிச்சுக்கங்க, கிளம்பற அவசரத்துல கேக்க மறந்துடும்.