கராத்தே அடிப்படைப் பயிற்சி: குத்தும் கையை விட இழுக்கும் கையைக் கவனியுங்கள்

கிஹோன் எனும் அடிப்படைப் பயிற்சியில் ஓய்-சுகி, அதாவது ஓரடி முன்வைத்து அதே பக்கக் கையால் குத்தும் குத்து, செய்யும்போது பலருடைய கவனமும் முன்னே போகிற முஷ்டியிலேயே இருக்கும். அதை விட்டுவிட்டு, இடுப்புக்குத் திரும்புகிற கையை, அதாவது ஹிகிதேயைப் பாருங்கள். இரண்டு கையும் ஒன்றாகக் கிளம்பி ஒன்றாக நிற்க வேண்டும், முழங்கை விலாவை உரசிக்கொண்டே போக வேண்டும், முஷ்டி கடைசியில்தான் சுழல வேண்டும். முழங்கை வெளியே விரிந்தால் தோள் தூக்கிக்கொள்ளும், அப்புறம் எவ்வளவு வேகமாகக் குத்தினாலும் பலம் தோளோடு நின்றுவிடும்.

ஸென்குட்சு-தாச்சி, அதாவது முன்காலை மடக்கிப் பின்காலை நீட்டி நிற்கும் நிலையில் எடை முன்காலில் சுமார் 60 சதவீதம், பின்காலில் 40. முன் முழங்கால் உள்பக்கம் சாயக்கூடாது, பின் குதிகால் எழும்பக்கூடாது. இதில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம்.

சரி, வேகம்? முதல் பத்துக் குத்து மிக மெதுவாக, மூச்சை விட்டபடி. வடிவம் கலையாமல் வந்தால் மட்டும் கூட்டுங்கள். தோளை இறுக்கிக்கொண்டு நூறு குத்துவதை விட, தொடும் கணத்தில் மட்டும் உடலை இறுக்கி உடனே தளர்த்துகிற இருபது குத்து எவ்வளவோ மேல்.

ஹெய்யான் ஷோதான் கட்டா (வரிசையாகச் செய்யும் அசைவுத் தொகுப்பு) தெரிந்தவர்கள் கைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு கால் அசைவுகளை மட்டும் செய்து பாருங்கள், திரும்பும் இடங்களில் எங்கே தடுமாறுகிறீர்கள் என்று உடனே தெரிந்துவிடும்.