அரிசி ஆலைக் கழிவுநீர் தோணாவில் (கரையோர நீரோடையில்) இறங்கினால் என்ன செய்வது?

இலங்கையின் அம்பாறை மாவட்டத்தில் சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்றுப் பக்கம் நெல் அவிக்கும் ஆலைக்கு அருகில் குடியிருப்பவர்கள் "நாற்றம் தாங்க முடியவில்லை" என்றுதான் முறைப்பாடு எழுதுவார்கள். அந்தக் கடிதம் கோப்புக்குள் போய்ப் படுத்துவிடும். நாற்றத்தை அளந்து காட்டுவது கடினம், உரிமத்துக்கு நிபந்தனை உண்டு. ஆகவே உரிமத்தைப் பிடியுங்கள்.

1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டத்தின்படி இத்தகைய ஆலைக்குச் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் வேண்டும். ஆலையின் வகையையும் அளவையும் பொறுத்து அதை மத்திய சுற்றாடல் அதிகாரசபையோ உள்ளூராட்சி சபையோ வழங்கும். கேட்டால் வியாபாரப் பதிவைத் தூக்கிக் காட்டுவார்கள். அது வேறு, இது வேறு.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், உரிமம் கொடுத்த நிறுவனத்தின் தகவல் அலுவலரிடம் விண்ணப்பியுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. "ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?" என்று கேட்காதீர்கள், அதற்கு வியாக்கியானம்தான் வரும். ஆவணத்தைக் கேளுங்கள்: உரிமத்தின் பிரதி, நிபந்தனைகள், காலாவதித் திகதி, கடைசிக் கழிவுநீர்ப் பரிசோதனை அறிக்கை. விண்ணப்பம் கிடைத்ததற்கு எழுத்தில் அத்தாட்சி வாங்காமல் திரும்ப வேண்டாம். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அதுவும் சரிவராவிட்டால் இரண்டு மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. "வர்த்தக இரகசியம்" என்று பதில் வந்தால் சோர வேண்டாம். பொதுநலன் மேலோங்கும் இடத்தில் அந்த விலக்கு செல்லாது என்று அதே சட்டத்தின் 5ஆம் பிரிவு சொல்கிறது.

அறிக்கை கைக்கு வந்தால் இலக்கங்களுக்கு முன் திகதியைப் பாருங்கள். ஆலை ஓய்ந்திருந்த நாளில் எடுத்த மாதிரி அழகாகத்தான் இருக்கும். அன்று எத்தனை மூடை அவித்தார்கள், தண்ணீரை எந்த இடத்தில் அள்ளினார்கள் என்பது இல்லாத அறிக்கைக்குப் பெறுமதி குறைவு. உள்நாட்டு நீர்நிலையில் விடும் கழிவுநீருக்கான பொது எல்லைகள் இவை: உயிர்வேதியியல் ஒட்சிசன் தேவை (கழிவைச் சிதைக்கும்போது பற்றீரியா எடுக்கும் ஒட்சிசன்) லீற்றருக்கு 30 மில்லிகிராம், நீரில் தொங்கி நிற்கும் திண்மம் 50 மில்லிகிராம், பி.எச். (அமில, கார அளவு) 6.0 முதல் 8.5 வரை.

நெல் ஊறிய நீரில் மாப்பொருளும் சீனியும் கரைந்திருக்கும். பற்றீரியா அதைத் தின்னும்போது தண்ணீரின் ஒட்சிசனையும் தீர்த்துவிடும். ஆலையின் சுத்திகரிப்புத் தொட்டிக்குக் காற்றூட்டும் இயந்திரம் இதற்காகத்தான். இரவில் அதை நிறுத்தினால் மின்கட்டணம் மிச்சம், ஆனால் தொட்டி புளித்து, கறுப்பு நீர் தோணாவுக்கு வரும். அந்த மிச்சம் முதலாளிக்கு, செத்த மீன் ஊருக்கு.

எனவே தோணாவைப் பார்த்து, ஒரு குறிப்பேட்டில் விடியற்காலையில் எழுதுங்கள். அப்போதுதான் ஒட்சிசன் மிகக் குறைவாக இருக்கும், மீன் மேலே வந்து வாயைத் திறக்கும். நேரம், நிறம், மழை பெய்ததா என்பதைக் குறியுங்கள். மழையோடு மழையாகத் திறந்துவிடுவதும் நடக்கும். எடுக்கும் படத்தில் கழிவுக் குழாய் வாயோடு ஆலை மதிலும் தெரியட்டும்.

நீங்களே போத்தலில் அள்ளிய தண்ணீரின் நம்பகத்தன்மையை எதிர்த்தரப்பு எளிதாகக் கேள்விக்குட்படுத்தும். அதிகாரிகளைக் கொண்டு குழாய் வாயிலும், அதற்கு மேலேயும் கீழேயும் எடுப்பியுங்கள். மேல்பக்க மாதிரி இல்லாவிட்டால் "ஊர்க் குப்பையால் வந்தது" என்பார்கள். போத்தலைக் குமிழி இல்லாமல் விளிம்பு வரை நிரப்பி, ஐஸில் வைத்து, அன்றைக்கே ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டும்.

கரையோர மணலில் கழிவு சீக்கிரம் கீழிறங்கும். கிணறு பக்கத்தில் இருந்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் (பி.எச்.ஐ.) தனியாக முறையிடுங்கள். பற்றீரியாப் பரிசோதனைக்குக் கிருமி நீக்கிய போத்தல் வேண்டும், கழுவிய சோடாப் போத்தல் உதவாது.

இவ்வளவும் சேர்ந்த பிறகும் கழிவு நிற்காவிட்டால், குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவின்படி பொதுத் தொல்லையை அகற்ற நீதவான் நிபந்தனைக் கட்டளை இடலாம். யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கில் 2019இல் உயர் நீதிமன்றம் மின்நிலையக் கம்பனியை 2 கோடி ரூபாய் வரை இழப்பீடு கட்டச் சொன்னது. மனுவில் "ஆலையை மூடு" என்று மட்டும் எழுதாதீர்கள். அங்கே வேலை செய்யும் உங்கள் ஊர்க்காரரே எதிர்ப்பக்கம் போய்விடுவார்கள். காற்றூட்டி 24 மணிநேரமும் ஓட வேண்டும், அதற்குத் தனி மின்மானி பூட்டி மாதாந்த வாசிப்பை உரிமம் கொடுத்த நிறுவனத்துக்குக் கொடுக்க வேண்டும் என்று கேளுங்கள்.