முதலில் விரலைப் பாருங்கள்

பாராதைராய்டு அதிகமாகச் சுரக்கிறதோ என்று சந்தேகம் வந்தால் நான் கேட்பது கழுத்துப் படம் அல்ல, கைப் படம். கழுத்தில் இருக்கும் அந்த நான்கு சுரப்பிகளும் அரிசிமணி அளவுதான். சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாது. அவை எலும்பைக் கரைத்துக் கால்சியத்தை ரத்தத்தில் விடுவதன் தடயம்தான் தெரியும்.

மோதிரத்தைக் கழற்றச் சொல்லிவிட்டு, இரண்டு கைகளையும் உள்ளங்கை கீழே இருக்கும்படி தட்டையாக வைக்கச் சொல்லுங்கள். விரல்கள் சற்று விரிந்திருக்கட்டும். சுமார் 50 கிலோவோல்ட், சின்ன ஃபோகஸ் (கதிர் கிளம்பும் புள்ளி), கிரிட் (சிதறும் கதிரைத் தடுக்கும் தட்டு) வேண்டாம். கை அசைந்திருந்தால் தயங்காமல் மறுபடி எடுங்கள். மங்கிய படத்தில் நாம் தேடுவது கிடைக்காது.

பயிற்சிக் காலத்தில், சிறுநீரகக் கல் திரும்பத் திரும்ப வந்த ஒரு பெண்மணியின் கைப் படத்தில் 'முறிவு இல்லை' என்று எழுதிவிட்டு நகர்ந்தேன். என் ஆசிரியர் அதே படத்தைப் பெரிதாக்கி, ஆள்காட்டி விரலின் நடு எலும்பில் நிறுத்தினார். சுண்டுவிரல் பக்க விளிம்பு பென்சிலால் இழுத்த கோடு போல இருந்தது. கட்டைவிரல் பக்கமோ செல்லரித்த காகித ஓரம் மாதிரி. நடுவிரலிலும் அப்படியே. அன்றிலிருந்து என் கண் முதலில் போவது அங்கேதான். இந்த எலும்பு அரிப்பு வேறு நோய்களில் இப்படி வருவது மிக அரிது.

அப்புறம் விரல் நுனிகள், காறை எலும்பின் தோள்பக்க முனை, உப்பும் மிளகும் தூவியது போன்ற மண்டையோடு, பல் வேரைச் சுற்றி மறைந்துபோன வெள்ளைக் கோடு ஆகியவற்றையும் பாருங்கள்.

படம் சுத்தமாக இருந்தால் நோய் இல்லை என்று மட்டும் எழுதாதீர்கள். இன்று பெரும்பாலோருக்கு ரத்தப் பரிசோதனையிலேயே பிடிபடுகிறது. எலும்பு அரிக்கும் வரை போவதில்லை. உறுதி செய்வது ரத்தம்தான்: கால்சியமும் பாராதைராய்டு ஹார்மோனும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கால்சியம் கூடியிருந்தும் ஹார்மோன் அடங்காமல் இருந்தால் சுரப்பியின் மேல்தான் சந்தேகம். சிறுநீரகம் பழுதானவர்களுக்குக் கால்சியம் குறைந்தோ இயல்பாகவோ இருக்க, ஹார்மோன் மட்டும் ஏறியிருக்கலாம்; விரல் எலும்பில் இதே அரிப்பு அவர்களுக்கும் வரும். எந்தச் சுரப்பி என்று கண்டுபிடிக்க அல்ட்ராசவுண்டும், கதிரியக்க மருந்து செலுத்தி எடுக்கும் செஸ்டமிபி ஸ்கேனும் இருக்கின்றன.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். தாடையிலோ கால் எலும்பிலோ குழிவான கட்டி தெரிந்தால், உடனே புற்றுநோய் என்று பயமுறுத்தாதீர்கள். இந்த நோயிலேயே வரும் பழுப்புக் கட்டியாக இருக்கலாம். அது புற்று அல்ல. ஊசியால் திசு எடுக்கும் முன் ஒருமுறை ரத்தத்தில் கால்சியம் பாருங்கள்.