925-ஆம் எண் பேருந்தில் காட்டுக்கு: சிங்கப்பூரில் ஏற்றம் இல்லாத நடைகள்

சிங்கப்பூரில் காட்டுக்குள் நடக்கப் போக வேண்டும் என்று யாரிடமாவது கேட்டால் உடனே புக்கிட் தீமா மலையைக் காட்டுவார்கள். உயரம் என்னவோ 163 மீட்டர்தான். ஆனால் ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள், ஏறும்போது மூச்சு வாங்கும், இறங்கும்போது முழங்கால் பிடித்துக்கொள்ளும். என் அம்மா வேதாரண்யத்துக்காரர். படி என்றால் ஆகாது, சமதரையில் விட்டால் இரண்டு மணி நேரம் சளைக்காமல் நடப்பார். அவருக்காகத் தேடித் தேடிப் பிடித்த இடங்கள் இவை. கார் வேண்டாம், பேருந்து அட்டை இருந்தால் போதும்.

முதல் தடவை என்றால் யோசிக்காமல் சுங்கை பூலோ ஈரநிலக் காப்பகத்துக்குப் போங்கள். கிராஞ்சி எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி, 925-ஆம் எண் பேருந்தைப் பிடித்து, கிராஞ்சி நீர்த்தேக்கப் பூங்கா நிறுத்தத்தில் இறங்கினால், சாலைக்கு அந்தப் பக்கம் வருகையாளர் நிலையம் தெரியும். நுழைவுக் கட்டணம் இல்லை. காலை 7 மணிக்குத் திறந்து மாலை 7 மணிக்கு மூடுகிறார்கள். இங்கே பொழுது விடிவதே ஏறக்குறைய 7 மணிக்குத்தான் என்பதால், திறந்தவுடன் உள்ளே போய்விட்டால் வெயில் ஏறுவதற்குள் ஒரு சுற்றை நிதானமாக முடித்துவிடலாம்.

கிளம்புவதற்கு முந்தைய நாள் ஒரே ஒரு வேலை இருக்கிறது, அதைத் தவறவிடாதீர்கள். கடல் எப்போது ஏறுகிறது, எப்போது வற்றுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். காப்பகத்துக்குள் இருக்கும் குளங்கள் ஒரு காலத்தில் இறால் பண்ணைகள். பறவை பார்க்கப் போனவர்கள் 1986-ல் அங்கே வரும் பறவைக் கூட்டத்தைக் கண்டு, இதைக் காப்பாற்ற வேண்டும் என்று குரல் கொடுத்தார்கள். 1993-ல் அது இயற்கைப் பூங்காவாகத் திறந்தது, 2002-ல் சட்டப்படி காப்பகமானது. நீர் வற்றியிருக்கும்போது பறவைகள் வெளியே சேற்றுத் திட்டுகளில் இரை தேடிக்கொண்டிருக்கும். நீர் ஏறியதும் திட்டுகள் மூழ்கிவிடும், அப்போதுதான் அவை கூட்டம் கூட்டமாகக் குளங்களுக்குள் வந்து ஒதுங்கி நிற்கும். அதனால் பறவை பார்க்க வேண்டுமென்றால் கடல் ஏறும் நேரத்தில் போங்கள், சேற்றில் தத்தித் தாவும் மீன்களையும் நண்டுகளையும் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமென்றால் வற்றும் நேரத்தில் போங்கள். இதைத் தெரிந்துகொள்ளாமல் முதல் இரண்டு முறை தப்பான நேரத்தில் போய், வெறும் குளத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

வலசைப் பறவைகள் செப்டம்பர் முதல் மார்ச் வரை இருக்கும். பறவை பார்ப்பதற்கென்று கட்டிய மறைவிடத்தின் ஓட்டை வழியாக அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இது நம்ம உப்பளத்துக்கு வர்ற உள்ளான்ல?" என்று கேட்டது எனக்கு மறக்கவே மறக்காது. சிவந்த கால், நீண்ட மூக்கு, பவளக்காலி உள்ளான்தான். வேதாரண்யத்துக்குப் பக்கத்துக் கோடியக்கரைக்கும் அது வரும். எங்கோ வடக்கே குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்குத் தப்பி இவ்வளவு தூரம் பறந்து வருகிற பறவையை இரண்டு ஊரிலும் பார்த்தவர் அவர். சரி, நடைக்கு வருவோம்.

வருகையாளர் நிலையத்திலிருந்து கடலோரத் தடம் 1.3 கி.மீ. எந்தப் பக்கம் திரும்புவது என்று குழம்ப வேண்டியதில்லை, பாதை ஒன்றுதான், நடுநடுவே நீரிணைக்கு அந்தப் பக்கம் மலேசியாவின் ஜொகூர் பாரு கட்டடங்கள் தெரியும். அந்தத் தடம் முடிந்ததும் பெரிய பாலம் வரும். அங்கே அவசரப்படாமல் கால் மணி நேரமாவது நில்லுங்கள், ஏனென்றால் உப்புநீர் முதலையைப் பார்க்க வாய்ப்புள்ள இடம் அதுதான். மிதக்கிற மரக்கட்டை மாதிரியே இருக்கும், மூச்சு விடும்போதுதான் தெரியும். முதலை நிஜமாகவே இருக்கிறது என்பதால் பாதையை விட்டு நீரோரம் இறங்கவே கூடாது, சின்னப் பிள்ளைகளின் கையை விடாதீர்கள். பாலத்தைத் தாண்டி வலசைப் பறவைத் தடம், கிட்டத்தட்ட 2 கி.மீ. சுற்று. கால் வலித்தால் பாலத்தோடு திரும்பிவிடலாம், அதுவே நல்ல நடைதான். பாதையில் பெரிய உடும்பு படுத்திருந்தால் நின்று வழி விடுங்கள், அது தானாகப் போய்விடும்.

அடுத்தது பழைய ரயில் தடம். தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வரை 24 கி.மீ. நீளம். 2011 ஜூன் 30-ஆம் தேதியோடு அங்கே மலாயா ரயில் ஓடுவது நின்றது, அப்புறம் தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டு நடைபாதை ஆக்கினார்கள். முழங்கால்காரர்களுக்கு இதைவிட நல்ல தடம் கிடையாது. காரணம் எளிது: ரயிலால் செங்குத்தாக ஏற முடியாது, அதனால் தண்டவாளம் போட்டவர்களே மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்பிச் சமமாக்கிவிட்டார்கள். தேக்காவிலிருந்து (லிட்டில் இந்தியா) 170-ஆம் எண் பேருந்தில் ஏறி கிங் ஆல்பர்ட் பார்க் எம்ஆர்டி அருகே இறங்குங்கள். பக்கத்திலேயே இரும்புப் பாலமும் 1932-ல் கட்டிய புக்கிட் தீமா ரயில் நிலையமும் இருக்கின்றன. அங்கிருந்து வடக்கே நடந்தால் இரு பக்கமும் பச்சை, வழி தவற வாய்ப்பே இல்லை, களைத்த இடத்தில் திரும்ப வேண்டியதுதான். நிழல் சில இடங்களில் குறைவு, மிதிவண்டிகள் வரும், இடது ஓரமாகவே நடந்து பழகிக்கொள்ளுங்கள்.

அந்த ரயிலில் வேலை பார்த்த தமிழர்கள் பலர். குவீன்ஸ்வேயில் தண்டவாளத்தை ஒட்டி அவர்கள் 1932-ல் எழுப்பிய முனியாண்டி கோயில்தான் இன்று காமன்வெல்த் டிரைவில் இருக்கும் ஸ்ரீ முனீஸ்வரன் கோயில். நடையை முடித்துவிட்டு அங்கேயும் ஒரு நாள் போய் வாருங்கள், அந்தப் பாதை யார் கைபட்டது என்பது புரியும்.

குறைந்த நேரம்தான் இருக்கிறது என்றால் லோவர் பியர்ஸ் நீர்த்தேக்கத்தின் பலகைப் பாதை போதும். 900 மீட்டர்தான். ஒரு பக்கம் நீர், மறு பக்கம் பழைய ரப்பர் மரங்கள் கலந்த காடு. இங்கே குரங்குகள் அதிகம். பிளாஸ்டிக் பை கையில் தொங்கினால் சாப்பாடு என்று நினைத்து வந்து பிடுங்கிவிடும், அதனால் எல்லாவற்றையும் முதுகுப் பைக்குள் வைத்து மூடிவிடுங்கள், கண்ணுக்குக் கண் முறைக்காதீர்கள், ஓடாதீர்கள். பாவம் என்று வாழைப்பழம் நீட்டவும் கூடாது. காட்டு விலங்குக்குத் தீனி போட்டால் முதல் தடவைக்கே 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம். அபராதத்தை விடுங்கள், மனிதர் கையில் தின்று பழகிய குரங்கு வீடுகளுக்குள் புகத் தொடங்கும், கடைசியில் பிடித்துக்கொண்டு போவது அதைத்தான்.

கோனி தீவையும் சொல்லிவிடுகிறேன். பொங்கோலிலிருந்து 84-ஆம் எண் பேருந்து, அப்புறம் பாலம் வழியாக நடந்தே தீவுக்குள் போய்விடலாம். சவுக்கு மரங்கள் நிறைந்த சமதரைப் பாதை, 2.4 கி.மீ. தண்ணீரை நீங்களே கொண்டுபோக வேண்டும், கடற்கரை மணலில் பூச்சிக்கடி அதிகம் என்பதால் முழுக்கால் சட்டை நல்லது.

எங்கே போனாலும் ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், கொசு மருந்து, மழைச்சட்டை, பிடிமானம் உள்ள காலணி. மழை பெய்த பலகையில் செருப்பு வழுக்கும், பெரியவர்கள் விழுவது அங்கேதான். மதியத்துக்கு மேல் இடிமழை வரும் ஊர் இது, மின்னல் ரொம்ப அதிகம். இடி கேட்டால் மரத்தடியில் ஒதுங்காமல் பக்கத்தில் கூரையுள்ள மண்டபத்துக்கோ கட்டடத்துக்கோ போய்விடுங்கள், நடை பாதியில் நின்றாலும் பரவாயில்லை.

கடைசியாக, பேருந்தில் இறங்கியதுமே எதிர்ப்பக்க நிறுத்தம் எங்கே இருக்கிறது, திரும்பும் வண்டி எத்தனை நிமிடத்துக்கு ஒன்று வருகிறது என்று கைபேசியில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கிராஞ்சியில் ஒரு வண்டியை விட்டுவிட்டால் வெயிலில் காத்து நிற்க வேண்டியிருக்கும், களைத்த அம்மாவை வைத்துக்கொண்டு அது கஷ்டம். அதனால் நான் வருகையாளர் நிலையத்தின் நிழலிலேயே அவரை உட்கார வைத்துவிட்டு, வண்டி வர ஐந்து நிமிடம் இருக்கும்போதுதான் சாலைக்குக் கூட்டிப் போகிறேன்.