கப், பைண்ட், அவுன்ஸ்: அமெரிக்க, பிரிட்டன் சமையல் அளவுகளில் எங்கே தவறுகிறோம்?

அமெரிக்கக் குறிப்பில் 1 கப் என்றால் சுமார் 237 மில்லி. பழைய பிரிட்டன் குறிப்புகளில் கப் என்பது அரை பைண்ட், 284 மில்லி. கடையில் வாங்கும் அளவுக் கப்போ பெரும்பாலும் 240 அல்லது 250 மில்லி. கைப்பிடியில் உள்ள எண்ணை முதலில் பாருங்கள்.

‘எல்லாவற்றையும் ஒரே கப்பில் அளந்தால் விகிதம் மாறாதே?’ என்பார்கள். பொரியலுக்குச் சரி. கேக்கில் முட்டையைக் கப்பில் அளப்பதில்லையே! 3 கப் மைதா, 2 முட்டை, 2 டீஸ்பூன் பேக்கிங் பவுடர் என்ற அமெரிக்கக் குறிப்பை 284 மில்லி கப்பில் செய்தால் மைதா 20 சதவீதம் கூடிவிடும். முட்டையும் பவுடரும் பழைய அளவிலேயே நிற்கும். கேக் எழும்பாமல், வறண்டு, மேலே வெடித்து நிற்கும்.

அள்ளும் விதம் இதைவிட மோசம். மைதாவைக் கிளறி, ஸ்பூனால் கப்பில் தளர்வாகப் போட்டு, கத்தியின் முதுகால் வழித்தால் சுமார் 120 கிராம். டப்பாவுக்குள் கப்பை விட்டு அழுத்தி அள்ளினால் அதே கப்பில் 150 கிராம் வரை ஏறும். மூன்று கப்பில் 90 கிராம் அதிகம்! கப்பைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தராசு வாங்குவதே மேல்.

அவுன்ஸ் இரண்டு வகை: ஒன்று எடை, மற்றது திரவ அளவு. பிரிட்டன் குறிப்பில் ‘8 அவுன்ஸ் மாவு’ என்பது எடை, 227 கிராம். 8 அவுன்ஸ் கோடு போட்ட கண்ணாடிக் குவளையில் மாவை நிரப்பினால் கிட்டத்தட்ட பாதிதான் வரும். குவளைக் கோடு பாலுக்கும் தண்ணீருக்கும்தான்.

பைண்ட் என்பது காலனில் எட்டில் ஒரு பங்கு. 1824-இல் பிரிட்டன் புது காலன் அளவுக்கு மாறியது. அமெரிக்கா பழைய ஒயின் காலனிலேயே தங்கிவிட்டது. அதனால் அங்கே பைண்ட் 473 மில்லி, இங்கிலாந்தில் 568. பிரிட்டன் கஸ்டர்டுக்கு அமெரிக்க பைண்டில் பால் ஊற்றினால் 95 மில்லி குறையும், கஸ்டர்டு கெட்டித்துப்போகும்.

டீஸ்பூன் இரு நாட்டிலும் 5 மில்லி, டேபிள்ஸ்பூன் 15. கவலை வேண்டாம். சாப்பிடும் ஸ்பூனால் மட்டும் அளக்காதீர்கள். அமெரிக்கர்கள் ‘1 ஸ்டிக்’ வெண்ணெய் என்றால் 113 கிராம், அதாவது அரை கப்.

கடைசியாக ஓவன். அமெரிக்கக் குறிப்பின் 350 பாரன்ஹீட்தான் பிரிட்டனில் 180 செல்சியஸ், கேஸ் ஓவனின் திருகில் ‘கேஸ் மார்க் 4’. காற்றாடி ஓடும் ஓவனில் 160 வையுங்கள். 180-லேயே விட்டால் மேலே கருகும், நடுவே குச்சி குத்தினால் மாவு ஒட்டும்.