சிந்த் கிட்டாரைச் சொன்னபடி கேட்க வைப்பது எப்படி?

சிந்தசைசர் வசதியுள்ள கிட்டார் கைக்கு வந்ததும் எல்லோரும் முதலில் செய்வது, ஒலிகளை வரிசையாகப் புரட்டிக் கேட்பது. வயலின், ட்ரம்பெட், ஆர்கன் என்று நாலைந்து தாண்டுவதற்குள் "நான் வாசிக்காத சுரமெல்லாம் தானாக வருகிறது" என்ற புகார் ஆரம்பித்துவிடும். என்னிடம் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களில் பாதிப் பேர் இந்தப் புகாரோடுதான் வருகிறார்கள். நான் முதலில் எடுப்பது ஸ்க்ரூடிரைவரை. ஒலிகளெல்லாம் அப்புறம்.

கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றுவது பிக்கப். சாதாரண பிக்கப் ஆறு கம்பிகளின் அதிர்வையும் கலந்து ஒரே சிக்னலாக அனுப்பிவிடும். சிந்த் கிட்டாரில், கம்பிகள் உடலின் மேல் தாங்கி நிற்கும் பிரிட்ஜை ஒட்டி இன்னொரு மெல்லிய பிக்கப் இருக்கும். அதற்குள் கம்பிக்கு ஒன்றாக ஆறு உணரிகள். ஆறு சிக்னல்களும் தனித்தனியாகப் போவதால்தான் எந்தக் கம்பியில் எந்தச் சுரம் என்று கருவியால் கண்டுபிடிக்க முடிகிறது. ரோலண்ட் 1977-ல் ஜிஆர்-500 கொண்டுவந்த காலத்திலிருந்து அடிப்படை இதுதான். சிந்தசைசரையே கிட்டாருக்குள் அடைத்த மாடல்களும் உண்டு. 1980களின் இறுதியில் வந்த கேசியோ பிஜி-380 அப்படிப்பட்டது. ஆனால் இன்று பெரும்பாலும் கையில் கிடைப்பது, ஆறு கம்பிக்கான பிக்கப் உள்ள கிட்டாரும், 13 முள் கேபிளும், சிந்த் ஒலிகளை உருவாக்கும், தரையில் வைக்கும் ஒரு பெட்டியும்தான். கீழே சொல்வது அதற்கு.

முதலில் அந்தப் பிக்கப்பின் உயரம். கம்பியைக் கடைசி ஃப்ரெட்டில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கம்பிக்கும் பிக்கப்புக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். மெல்லிய முதல் கம்பியிலும் தடித்த ஆறாவது கம்பியிலும் பார்த்தால் போதாது. பிக்கப்பின் வளைவும் ஃப்ரெட்போர்டின் வளைவும் ஒத்துப்போகாத கிட்டார்களில் நடுக் கம்பிகள் விலகி நிற்கும். ஒவ்வொரு உணரியும் அதனதன் கம்பிக்கு நேர் கீழே இருக்கிறதா என்றும் பாருங்கள். பக்கத்துக் கம்பியின் அதிர்வைப் பிடித்தால் பேய்ச் சுரங்கள் வரும். இது காந்தப் பிக்கப்புக்கான கணக்கு. நைலான் கம்பி போட்ட கிட்டாருக்குக் காந்தப் பிக்கப் உதவவே உதவாது. பிரிட்ஜிலேயே பியசோ (அழுத்த அதிர்வை மின் சிக்னலாக்கும் உணரி) வைத்த மாடல்தான் வேண்டும்.

அடுத்து பெட்டியின் மெனுவில் சென்சிடிவிட்டி, அதாவது ஒவ்வொரு கம்பியின் சிக்னலையும் கருவி எவ்வளவு கூர்மையாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற அளவு. என்னைக் கேட்டால், முழு வேலையில் பாதி இங்கேதான். ஒவ்வொரு கம்பியையும், மேடையில் உற்சாகத்தில் எவ்வளவு பலமாக அடிப்பீர்களோ அவ்வளவு பலமாகத் தனியாக அடித்துப் பாருங்கள். மீட்டர் உச்சிக்குப் பக்கம் போக வேண்டும், உச்சியிலேயே முட்டி நிற்கக் கூடாது. குறைத்து வைத்தால் மெதுவாக மீட்டிய சுரங்கள் காணாமல் போகும். கூட்டி வைத்தால் விரலைத் தூக்கும் சத்தம்கூட ஒரு புல்லாங்குழல் சுரமாகிவிடும். வீட்டில் உட்கார்ந்து மெதுவாக வாசித்தபடியே இதை அமைப்பவர்கள்தான் மேடையில் மாட்டிக்கொள்கிறார்கள். ஆறாவது கம்பியை அடிக்கும்போது முதல் கம்பியின் மீட்டர் ஆடினால் பயப்பட வேண்டாம். பிக்கப் திசை என்று ஓர் அமைப்பு இருக்கும், அதை மாற்றினால் சரி. அதே மெனுவில் கம்பியின் நீளத்தையும் பிக்கப்பிலிருந்து பிரிட்ஜுக்கு உள்ள தூரத்தையும் கேட்கும். வேறு கிட்டார்களின் ஒலியை உருவாக்கும் மாடலிங் பகுதிக்கு இந்த எண்கள் முக்கியம். ஸ்கேலை வைத்து அளந்து போட்டுவிடுங்கள்.

கிட்டாரின் செட்டப்பும் ஒழுங்காக இருக்க வேண்டும். கம்பி ஃப்ரெட்டில் உரசி 'டிர்' என்று சத்தம் வந்தால் கருவி குழம்பும். காதுக்கு அது பழகிப்போன சத்தம், சுரம் கண்டுபிடிக்கும் சர்க்யூட்டுக்கு அது பொய்ச் சாட்சி. அதனால் என் சிந்த் கிட்டாரில் கம்பிகளைக் கொஞ்சம் உயர்த்தியே வைத்திருக்கிறேன். 10-46 கம்பி, மங்கிப்போவதற்கு முன்பே மாற்றிவிடுவேன்.

இனி எல்லோரும் திட்டும் தாமதத்துக்கு, அதாவது கம்பியை மீட்டிய பிறகு சிந்த் ஒலி சற்றுப் பிந்தி வருவதற்கு, வருவோம். ஆறாவது கம்பியை எந்த ஃப்ரெட்டிலும் அழுத்தாமல் அடித்தால் நொடிக்குச் சுமார் 82 அதிர்வுகள். ஓர் அதிர்வு முடியவே 12 மில்லிசெகண்ட் ஆகிறது. இன்ன சுரம் என்று தீர்மானிக்கக் கருவிக்குக் குறைந்தது ஓரிரு அதிர்வுகளாவது தேவை. ஆக, 12 முதல் 24 மில்லிசெகண்ட் வரை அங்கேயே போய்விடும். முதல் கம்பியில் ஓர் அதிர்வுக்கு 3 மில்லிசெகண்ட்தான். எவ்வளவு செலவழித்துப் புதுக் கருவி வாங்கினாலும் ஆறாவது கம்பியின் அதிர்வு வேகமாகிவிடாது. வழி ஒன்று இருக்கிறது. பேஸ் ஒலி வேண்டுமென்றால், ஒலியை ஓர் ஆக்டேவ் கீழே இறக்கி வைத்துவிட்டு, மூன்றாவது நான்காவது கம்பிகளில் வாசியுங்கள். வித்தியாசம் உடனே தெரியும்.

இன்னொரு வழி, சாதாரண கிட்டார் ஒலியையும் கொஞ்சம் கலந்து விடுவது. பிக் படும் சத்தம் தாமதமில்லாமல் வந்துவிடுவதால், பின்னால் வரும் வயலினைக் காது மன்னித்துவிடும். பேட் (பின்னணியில் நீண்டு நிற்கும் ஒலி), ஸ்ட்ரிங்ஸ் போன்ற மெதுவாக எழும் ஒலிகளில் தாமதம் தெரியவே தெரியாது. முதல் மேடைக்கு நான் எப்போதும் இவற்றைத்தான் சொல்வேன். வால்யூம் பெடலைக் காலடியில் வைத்துக்கொண்டு மெல்ல ஏற்றினால் கீபோர்டு ஆள் இல்லாத குறையே தெரியாது.

வலது கையைத்தான் நிறையத் திருத்த வேண்டியிருக்கும். வாசிக்காத கம்பிகளை உள்ளங்கையாலும் இடது கை விரல் நுனிகளாலும் அமுக்கியே வைத்திருங்கள். பிரிட்ஜை ஒட்டி மீட்டாமல் கழுத்துப் பக்கம் சற்றுத் தள்ளி மீட்டினால் அடிப்படைச் சுரம் பலமாக வரும், கருவி சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். பியானோ ஒலியில் ஸ்ட்ரம் செய்தால் பியானோ மாதிரி இருக்காது. கார்டின் சுரங்களை விரல்களால் ஒரே நேரத்தில் பறியுங்கள். ட்ரம்பெட் என்றால் ஒரு நேரத்தில் ஒரு சுரம், நடுவில் மூச்சு வாங்க இடம். ஆறு சுரக் கார்டை ட்ரம்பெட்டில் அடிப்பவர்களைப் பார்த்தால், ஆறு பேர் எங்கே நிற்கிறார்கள் என்று தேடத் தோன்றும்!

பியானோவில் பெண்ட் (கம்பியை இழுத்துச் சுருதியை ஏற்றுவது) கிடையாது, அதனால் அதற்குக் 'குரோமாட்டிக்' என்ற அமைப்பைப் போடுங்கள். விரல் லேசாகக் கம்பியை இழுத்தாலும் சுரம் நேராக நிற்கும். வயலினுக்கும் குழலுக்கும் அதை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கமகமெல்லாம் படிக்கட்டு ஏறி இறங்கும்.

கணினியில் மிடியாக (ஒலியாக இல்லாமல், எந்தச் சுரம், எவ்வளவு பலம் என்ற தகவலாக) பதிவு செய்கிறவர்களுக்கு இரண்டு விஷயம். ஒன்று, மோனோ மோடைத் தேர்ந்தெடுத்து ஆறு கம்பிகளையும் ஆறு சேனல்களில் அனுப்புங்கள். ஒரே சேனலில் போட்டால் ஒரு கம்பியை பெண்ட் செய்யும்போது முழுக் கார்டும் சேர்ந்து இழுபடும். இரண்டு, பெண்ட் ரேஞ்ச், அதாவது பெண்ட் எத்தனை அரைச்சுரம் வரை போகலாம் என்ற எண். கிட்டார் பக்கம் 12 அல்லது 24 என்று இருக்கும். மென்பொருள் சிந்த்கள் பல 2-ல் இருக்கும். இரண்டும் ஒரே எண்ணாக இல்லையென்றால் ஸ்லைட் எல்லாம் சுருதி விலகித்தான் கேட்கும். பதிந்த பிறகு, மிகச் சிறிய நீளமும் குறைந்த வெலாசிட்டியும் (மீட்டிய பலம்) உள்ள சுரங்களைத் தேடி அழியுங்கள். பேய்ச் சுரங்கள் பெரும்பாலும் அவைதான்.

13 முள் கேபிளை மாட்டுவதும் கழற்றுவதும் பெட்டியை அணைத்துவிட்டு. கிட்டாரில் உள்ள பிக்கப்புக்கு மின்சாரமும் அதே கேபிளில்தான் போகிறது. மேடையில் கேபிளை ஸ்ட்ராப்பில் ஒருமுறை சுற்றிவிடுங்கள், யாராவது மிதித்தாலும் முள் வளையாது. கம்பியின் கனத்தை மாற்றினால் சென்சிடிவிட்டியை முதலிலிருந்து அமைக்க வேண்டும். சிலர் பழைய எண்களை ஒரு தாளில் எழுதி ஒட்டியிருப்பார்கள். அதைக் கிழித்துவிட்டு மீட்டரைப் பாருங்கள்.